ஒப்புக்குச் சப்பாணிக்கு இங்கிலீசுல என்ன பேரு?

வாலே பேராண்டி, உக்காரு. அந்தச் செல்லைக் கவுத்தி வச்சிட்டு உக்காரு. மூஞ்சி ஏன் ஒரு மாதிரி கெடக்கு? கிரிக்கெட்டுப் போட்டியைத் திருத்தி அமைக்காகளா? பிரிவை மாத்துதாக, சுத்தை மாத்துதாக, ஏலத்தை மாத்துதாகன்னு ராத்திரி பூரா ஒனக்கு ஒறக்கம் வரலையாமே. மழையில்லாம பருத்தி வாடுதேன்னு ஒருநாளும் ஒனக்கு ஒறக்கம் கெட்டதில்ல. சரி, இதுக்காவது கெட்டுச்சே.

கெழவனுக்கு என்ன தெரியும்னு நெனைக்காத. 1983-ல கபில்தேவு உலகக் கோப்பை வாங்குன ராத்திரி, கோவில்பட்டி டீக்கடை ரேடியோவுக்கு முன்னால காதைத் தீட்டிக்கிட்டு நின்னவன் நான். அன்னைக்கு ஒரு பக்கத்துக்கு 60 ஓவரு. பெறவு 50 ஆச்சு. 2003-ல இங்கிலாந்துக்காரன் 20 போதும்னான். 2021-ல அவனே 100 பந்து போதும்னுட்டான். 10 ஓவர் ஆட்டமும் வந்தாச்சு. வேட்டி துண்டாச்சு, துண்டு கோவணமாச்சு. இனி என்ன மிச்சம்? காசைச் சுண்டிப் பாத்துட்டு, தலையா பூவான்னு சொல்லி, கோப்பையைக் குடுத்து அனுப்ப வேண்டியதுதான். கழுதை தேஞ்சு கட்டெறும்பாச்சுன்னு சும்மாவா சொன்னாக?

நம்ம பக்கத்துக் கதைக்கு வாரேன். 2016-ல தமிழ்நாடு பிரீமியர் லீக்குன்னு ஒண்ணு ஆரம்பிச்சாகளா. எட்டு அணி. மெட்ராசுக்காரன் மட்டும் ஆடுனது போதும், மாவட்டத்துப் பயலுகளும் டிவியில தெரியட்டும்னாக. நல்ல காரியம். நான் கொறை சொல்ல மாட்டேன். ஆனா பேரு வச்சாக பாரு! சூப்பர் கில்லீசு, டிராகன்சு, பேட்ரியாட்சு, வாரியர்சு. சேப்பாக்கத்துக்காரனாவது நம்ம கிட்டிப்புள்ளு வாசனையா 'கில்லி'ன்னு வச்சான். திண்டுக்கல்லுல டிராகனை எவன் பாத்தான்? பூட்டுன்னு வச்சிருந்தா ஒரு அர்த்தம் இருக்கும்.

நம்ம தூத்துக்குடி மாவட்டத்துக்கு வச்ச பேருதான் எனக்கு இன்னைக்கும் வெளங்கல. 'டூட்டி பேட்ரியாட்சு'. தூத்துக்குடிங்கிற பேரை வெள்ளக்காரன் டூட்டிக்கொரின்னு கடிச்சான். அவன் போன பெறவு, நம்மாளு மிச்சத்தையும் கடிச்சு டூட்டின்னு ஆக்கிட்டான். நம்ம ஊருல டூட்டின்னா என்னலே? தீப்பெட்டி ஆபீசுக்கும் மில்லுக்கும் போறது. "தாத்தா, டூட்டி ஜெயிச்சிருச்சு"ன்னு நீ ஓடியாந்தப்ப, ஒங்க அப்பனுக்குத்தான் சம்பளம் கூட்டிட்டாகளோன்னு நெனைச்சேன்.

ஜெயிச்சது நெசம்தான். மொத வருசமே, 2016-லயே, சேப்பாக்கத்துக்காரனை இறுதி ஆட்டத்துல 122 ரன்னுல மண்ணைக் கவ்வ வச்சிருச்சு நம்ம டூட்டி. கோப்பை நம்ம மாவட்டத்துக்குன்னு நீ பட்டாசு போட்ட. சிவகாசி பக்கத்துல இருக்குதுன்னு பட்டாசு போட ஒரு சாக்கு. நான் ஒண்ணே ஒண்ணு கேட்டேன். "தம்பி, நம்ம அணி நம்ம மாவட்டத்துல எங்க ஆடுச்சு?" நீ முழிச்ச. அந்த வருசம் எட்டு அணிக்கும் சேத்து மொத்தம் மூணே மைதானம். சேப்பாக்கம், திண்டுக்கல் பக்கம் நத்தத்துல ஒரு காலேஜு மைதானம், தின்னவேலி சங்கர் நகர்ல சிமெண்டு கம்பெனி மைதானம். எட்டு மருமகளுக்கு மூணு அடுப்பு. நம்ம மருமக ஒலை வச்சது தின்னவேலியில. நாம தாழையூத்துல பஸ்ஸை விட்டு எறங்கி, நம்ம மாவட்டத்து அணியை அடுத்த மாவட்டத்துல போயிப் பாத்தோம். பேரு பெத்த பேரு, தாக நீளு லேதுன்னு நம்ம நாயக்கமாரு வீட்டுல ஒரு சொலவடை சொல்லுவாக. பேரு என்னமோ பெரிய பேருதான், குடிக்கத்தான் தண்ணி இல்லன்னு.

பெறவு ஒரு நா அணியையே காணோம்! 2019 வரைக்கும் இருந்துச்சு. நடுவுல கொரோனா வந்து ஒரு வருசம் ஆட்டமே இல்ல. 2021-ல கண்ணைத் தொறந்து பாத்தா, டூட்டி இருந்த எடத்துல சேலம் ஸ்பார்ட்டன்சு. மூட்டை முடிச்சைக் கட்டிக்கிட்டு மாம்பழத்தூருக்குப் போயிருச்சு. போறேன்னு ஒரு வார்த்தை சொல்லிச்சா? வாடகை வீட்டுக்காரன்கூட காலி பண்ணும்போது அடுத்த வீட்டுல சாவியைக் குடுத்துட்டுப் போவான்லே.

நம்மளது மட்டும் இல்ல. திருவள்ளூர்ல இருந்த அணி காஞ்சிக்கு வந்துச்சு. அதுக்கு முந்தியே காஞ்சியில இருந்த அணி திருச்சிக்குப் போயிருச்சு. வந்த அணி காஞ்சியிலயும் தரிக்கல, நெல்லைக்குப் போயி ராயல் கிங்சா நிக்குது. காரைக்குடிக் காளை கயித்தை அத்துக்கிட்டுத் திருப்பூருக்கு ஓடிருச்சு. எனக்கு இதுல ஒரு சந்தேகம். ஊரு அணிங்கிறது ஊருல இருந்து மொளைக்கிறதா, இல்ல தள்ளுவண்டியில வச்சுத் தெருத்தெருவாத் தள்ளிட்டுப் போறதா? நீ ஒடனே, "திருப்பூர்க்காரன் 2025-ல கோப்பையே வாங்கிட்டானே தாத்தா"ம்ப. வாங்குனான், இல்லங்கல. திண்டுக்கல்லை 118 ரன்னுல சாச்சான். வீடு மாறி, ரெண்டாவது வீட்டுல வாஸ்து சரியா அமைஞ்சிருக்கு. அப்ப டூட்டி? அது மொத வீட்டுலயே கோப்பை வாங்குன அணிலே!

ஏலத்துக்கு வாரேன், இருல. ஒனக்குப் பிடிச்ச சங்கதி அதுதானே.

மொதல்ல ஆளுகளை வரிசையாக் கூப்பிட்டுப் பங்கு பிரிச்சுக்கிட்டு இருந்தாக. 2023-ல அது போதாதுன்னு மாமல்லபுரத்துல ஏலம் வச்சாக. ஒரு அணிக்கு 70 லச்சம், அதுக்குள்ள பிடிச்சுக்கோன்னு கணக்கு. எட்டயபுரத்து ஆட்டுச் சந்தைக்கு சனிக்கெழமை சனிக்கெழமை போனவன் நான். அங்கன வெலை பேசுறது எப்பிடி தெரியுமா? ரெண்டு பேரு கையிலயும் துண்டைப் போட்டு மூடிக்கிட்டு, உள்ளுக்குள்ள வெரலைப் பிடிப்பான். ஒரு வெரலுக்கு ஒரு வெலை. பக்கத்துல நிக்கிறவனுக்குத் தெரியாது, ஆட்டுக்கும் தெரியாது. நாம இம்புட்டுக்குத்தான் போனோமான்னு அது மனசு நோகாதுல்லா? ஆட்டுக்கு இருந்த அந்த மரியாதைகூட இப்ப மனுசனுக்கு இல்ல. டிவியில பேரைக் கூப்பிட்டு, கட்டையைத் தட்டி, "யாருக்கும் வேண்டாமா, வேண்டாமா"ன்னு மூணு தடவை கேக்கான். பெத்தவ வீட்டுல உக்காந்து பாக்கா.

அந்த ஏலத்துல ஒரு வேடிக்கை. சாய் சுதர்சனுன்னு நம்ம பயலை கோவைக்காரன் 21.6 லச்சத்துக்கு எடுத்தான். அதே வருசம் அதே பயலுக்கு ஐபிஎல்லுல என்ன கூலி? 20 லச்சம்! ஊருச் சந்தையில கூட வெலை, டவுனு மண்டியில கொறஞ்ச வெலை. நம்ம மெளகா வத்தலுக்கு ஒருநாளாவது இப்பிடி நடந்திருக்கா? அந்த 20 லச்சத்துப் பயதான், அந்த வருசம் ஐபிஎல் இறுதி ஆட்டத்துல சென்னைக்காரனுக்கு எதிரா 47 பந்துல 96 அடிச்சான். எந்தக் கட்டையைத் தட்டி அவன் வெலையைச் சரியாக் கண்டுபிடிச்சாக? வெதையைக் கையில உருட்டிப் பாத்தா மொளைப்புத் தெரியுமா? மண்ணுல போட்டாத்தான் தெரியும்.

இன்னொண்ணு கொண்டாந்தாகளே, இம்பாக்ட் பிளேயரு. 2022-ல சையது முஷ்டாக் அலி கோப்பையில மொதல்ல வெள்ளோட்டம் விட்டாக. 11 பேரு ஆடுற ஆட்டத்துல பாதியில ஒருத்தனை எறக்கி வேற ஒருத்தனை ஏத்திக்கிடலாமாம். பேட்டைப் பிடிச்சவன் பேட்டோட போவான், பந்தைப் போடுறவன் பந்துக்கு வருவான். என்னமோ சந்திரமண்டலத்துல கண்டுபிடிச்ச மாதிரி அன்னைக்கு நீ குதிச்ச. ஏலே, நாங்க கம்மாக்கரையில ஆடும்போது பதினோராவது ஆளு ஒருத்தன் இருப்பான். ரெண்டு பக்கமும் பேட்டு பிடிப்பான், எந்தப் பக்கம் ஆளு கொறைஞ்சாலும் அங்கன நிப்பான். அவன் ஆடுனாலும் ஆட்டம்தான், ஆடாட்டாலும் ஆட்டம்தான். அவனுக்கு ஒப்புக்குச் சப்பாணின்னு பேரு. அதை இங்கிலீசுல சொன்னா கோட்டு போட்டு உக்காந்து விவாதம் பண்ணுதான்.

சரி, கண்டுபிடிச்சாச்சு. ஐபிஎல்லுக்கு 2023-ல போச்சு. நம்ம லீக்குக்கும் அந்த வருசமே வந்துச்சு. 2024-ல என்னாச்சு? வெதைச்ச வயல்லயே பிடுங்கிட்டாக. முஷ்டாக் அலி கோப்பையில இனி அது கெடையாதுன்னுட்டாக. பக்கத்து வயலான ஐபிஎல்லுல தளதளன்னு நிக்குது. ஆல்ரவுண்டரு பயலுகளுக்குப் பந்து போட வாய்ப்பே இல்லாமப் போச்சுன்னு அதுக்குள்ள பெரியாளுகளே பொலம்பிட்டாக. ஏர் பூட்டுறவனே வெதைக்கவும் தெரிஞ்சவனா இருந்தா, வெதைக்கிறதுக்கு மட்டும் தனியா ஆளு கூப்பிடுவியா? இது வெளங்க ரெண்டு வருசம் பிடிச்சிருக்கு.

சையது முஷ்டாக் அலி யாருன்னு தெரியுமால ஒனக்கு? தெரியாது. இந்தூர்க்காரர். 1936-ல மான்செஸ்டர்ல 112 அடிச்சாரு. நம்ம நாட்டுக்காரன் வெளிநாட்டு மண்ணுல அடிச்ச மொத டெஸ்ட் சதம் அதுதான். நின்னு ஆடுற டெஸ்டுல பேரு வாங்குன மனுசன். அவரு பேருல வச்சிருக்காக, மூணு மணி நேரத்துல முடியுற ஆட்டத்தை. அவரு ஆட்டத்துல வேகம் இருக்கும்னு சொல்லுவாக, அதனால விட்டுருவோம்.

அந்தக் கோப்பை அமைப்பை மாத்துன கதைதான் கல்யாண வீட்டுப் பந்தி கதை. 38 அணிலே. 2025-ல 32 அணியை எலைட்டுன்னும், மிச்ச 6 அணியைப் பிளேட்டுன்னும் பிரிச்சுட்டாக. எலைட்டுன்னா பெரிய பந்தி. பிளேட்டுன்னா? தட்டு! கடைசிப் பந்திக்காரனுக்குத் தட்டு மட்டும் இருக்குது, சோறு இருக்குதான்னு உள்ள போயித்தான் பாக்கணும். பெரிய பந்தியில நாலு வரிசை, வரிசைக்கு எட்டு பேரு. வரிசைக்கு ரெண்டு பேரை எழுப்பி, எட்டு பேரை ரெண்டு வரிசையா மறுபடி உக்கார வச்சு, அதுக்கு சூப்பர் லீக்குன்னு பேரு. ரெண்டு வரிசையிலயும் மொத ஆளா நின்னவங்க நேரா இறுதி ஆட்டத்துக்கு. கால் இறுதி, அரை இறுதி எல்லாம் போச்சு. ஒரே நாளுல ஒரு நல்ல அணி தோத்து வெளிய போயிறக் கூடாதுல்லா, அதுக்கு இது தோதுதான்னு எனக்கே படுது. ஜார்க்கண்டுக்காரன் மொத தடவையா அந்தக் கோப்பையை வாங்கிட்டான், சந்தோசம். ஆனா ஒண்ணு கேளு. அமைப்பு சரியில்லாத காலத்துலயும் ஜெயிச்சவன் ஜெயிச்சுக்கிட்டுத்தானே இருந்தான்? 2006-07-ல மாநிலங்களுக்குள்ள மொத இருபது ஓவர் போட்டி வச்சப்பயே கோப்பை தமிழ்நாட்டுக்குத்தான். 2021 நவம்பர்ல கர்நாடகாக்காரனுக்கு எதிரா கடைசிப் பந்துல 5 ரன்னு வேணும்னு நின்னப்ப, நம்ம பய ஷாருக்கான் தூக்கி வெளிய அடிச்சாம்பாரு சிக்ஸரு! அந்தப் பந்து எந்தப் பிரிவு, எந்த வரிசைன்னு பாத்தா பறந்துச்சு? ஆடத் தெரியாதவதான் கூடம் கோணல்னு சொல்லுவா.

கோவிச்சுக்காத. அமைப்பே வேண்டாங்கல. நடராசன் கதையைப் பாரு. சேலத்துப் பக்கம் சின்னப்பம்பட்டிப் பய. ரப்பர் பந்து, டென்னிசு பந்துன்னு ஊரு ஊரா ஆடிக்கிட்டு இருந்தவன். இந்த லீக்குல திண்டுக்கல்லுக்குப் பந்து போட்டு, யார்க்கரை எறக்குனான். 2017-ல பஞ்சாபுக்காரன் 3 கோடிக்குத் தூக்குனான். பெறவு ஒரே ஆஸ்திரேலியாப் பயணத்துல மூணு வகை ஆட்டத்துலயும் இந்தியாவுக்கு எறங்குனான். லீக்கு இல்லன்னா அந்தப் பய டிவியில தெரிஞ்சிருப்பானா? சந்தேகம்தான். ஆக, கதவு தொறந்தது நெசம்.

ஆனா சம்பாதிச்சு வந்தவன் என்ன செஞ்சான்? ஏலத்தை மாத்தணும், பிரிவை மாத்தணும்னானா? 2023-ல சொந்த ஊருல ஒரு மைதானத்தைக் கட்டுனான். பந்து போட ஒரு தரை, ஓட ஒரு வெளி. அம்புட்டுத்தான். அவன்தாம்லே திருத்தி அமைச்சவன்.

நம்ம கோவில்பட்டிக்காரனுக்கு இது புதுசும் இல்ல. ஹாக்கியில பாத்ததுதானே? வருசா வருசம் கோடை வந்தா லட்சுமி அம்மாள் கோப்பைக்கு எங்கெங்கயோ இருந்து அணிக வருது. செயற்கைப் புல்லு மைதானம் இருக்கு. மாரீஸ்வரன் சக்திவேல் இந்த ஊருல கம்பைப் பிடிச்சு 2022 ஆசியக் கோப்பைக்கு இந்தியாச் சட்டை போட்டுப் போனான். ஹாக்கியும் அமைப்பு மாத்துனதுதான். 35 நிமிசம் ரெண்டு பாதியா இருந்ததை 15 நிமிசம் நாலு கால்வாசியா அறுத்துட்டாக. அதுக்காகக் கோவில்பட்டியில எவன் ஒறக்கத்தைக் கெடுத்தான்? தரை இருந்துச்சு, கத்துக்குடுக்க ஆளு இருந்துச்சு, பயலுக ஓடுனாக. ஒண்ணுதான் சிரிப்பா வரும். அந்தப் புல்லுக்கு ஆட்டத்துக்கு முன்னால தண்ணி தெளிக்கணுமாம். நம்ம ஊருல குடத்தை வரிசையில வச்சிட்டு நின்ன பொம்பளைகிட்ட இதைச் சொன்னேன். "மெய்யாவா மாமா? நான் வேணும்னா புல்லா நிக்கட்டுமா"ன்னு கேட்டா.

சரி, அதெல்லாம் பெரிய எடத்துச் சங்கதி. போன புரட்டாசியில நீங்க நம்ம கம்மாக்குள்ள பண்ணுன கூத்தைச் சொல்லட்டுமா?

வருசா வருசம் தெக்குத் தெரு, வடக்குத் தெருன்னு ரெண்டு அணி ஆடும். பருத்திமாரை ஊண்டுனா ஸ்டம்பு. எங்க காலத்துல கருக்கைச் சீவுன பனைமட்டைதான் பேட்டு. இப்ப நெசப் பேட்டு வந்திருக்கு, பரவாயில்ல. பந்து கரிசல் வெடிப்புக்குள்ள விழுந்தா ரெண்டு ரன்னு. கையை விட்டு எடுக்கிறதுக்கு முன்னால பூரான் இருக்குதான்னு குச்சியை விட்டுப் பாக்கணும். வேலிக்கருவைக்குள்ள போனா நாலு. இதான் சட்டம். ஐம்பது வருசமா எவனும் மாத்தல, எவனும் சண்டை போடல.

போன வருசம் மாத்துனீகளே! ரெண்டு தெரு நாலு அணியாச்சு. டீக்கடை, மாவு மில்லு, செல்லுக்கடை, உரக்கடைன்னு ஆளுக்கொரு மொதலாளி. கோயில் மண்டபத்துல ஏலம். அணிக்கு ஆயிரம் பாயிண்டு. உரக்கடைக்காரன் எல்லாப் பாயிண்டையும் ஒரே பயலுக்குப் போட்டுட்டு, மிச்சத்துக்கு வயித்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னான். கடைசியில பூசாரியையும் சேத்துக்கிட்டான். ஏலத்துல விக்காமக் கெடந்த ஒரே சரக்கு யாருலே? தலையைத் தூக்குல. நீதான். ஒங்க ஆச்சி ராத்திரி பூரா மூக்கைச் சிந்துனா. "விலை போகாத பயலுக்கு நாளைக்கு எவன் பொண்ணு குடுப்பான்"னு அவளுக்கு வெசனம். ஏலம்னா என்னன்னு அவளுக்கு அம்புட்டுத்தான் தெரியும். சந்தையில திரும்பி வந்த ஆட்டைத்தான் பாத்திருக்கா.

பெறவு மனசு எரங்கி, மாவு மில்லு அணியில ஒன்னை இம்பாக்ட் பிளேயருன்னு வச்சாக. நாலு ஆட்டம் வெளிய உக்காந்து தண்ணி பாட்டலு தூக்குன. இறுதி ஆட்டத்துல ரெண்டு ஓவரு மிச்சம், பதினாறு ரன்னு வேணும். ஒன்னைக் கூப்பிட்டாக. நீ கால்ல பேடைக் கட்டிட்டு, சாமியைக் கும்பிட்டு, லெக் ஸ்டம்பைக் கேட்டு, கரிசல்ல கோடு கிழிச்சு நிக்க. எனக்கே நெஞ்சு படபடன்னுச்சு, சொல்லிட்டேன்.

மேக்க கருக்கிட்டு வந்துச்சுல்லா ஒரு மேகம். மொதப் பந்து போடல. சொட்டு விழுந்துச்சு. பெறவு கொட்டுச்சு பாரு! பாத்துக்கிட்டு இருந்த சனம் பூரா "மழை, மழை"ன்னு கம்மாக்கரையில கூத்தாடுது. நீங்க இருபத்திரண்டு பேரு மட்டும் எழவு வீட்டுல நிக்கிற மாதிரி நிக்கீக. ஒருத்தன் செல்லுல தட்டி, மழை பேஞ்சா கணக்குப் போட ஒரு முறை இருக்கு தாத்தாங்கான். நான் சொன்னேன், ஏலே, நம்ம ஊருல மழை பேஞ்சா ஒரே கணக்குத்தான். கலப்பையை எடு. கோயம்புத்தூர்ல 2022-ல அம்புட்டுப் பெரிய இறுதி ஆட்டத்துலயே மழை வந்து, சேப்பாக்கத்துக்கும் கோவைக்கும் சேத்துக் கோப்பையைக் குடுத்துட்டாக. நீங்க அதுக்கும் ஒத்துக்கல. ஈரம் காஞ்சதும் மறுபடி ஆடணும், அதுவரைக்கும் கோப்பை நடுவன் வீட்டுல இருக்கட்டும்னு எங்கிட்டக் குடுத்துட்டுப் போனீக. ஈரம் காயிறதுக்குள்ள வெதைப்பு வந்துருச்சு. பெறவு களை. பெறவு எவனுக்கும் ஞாபகம் இல்ல.

இப்ப எதுக்குத் தலையைச் சொறியுற? அந்தக் கோப்பையா? உள்ளதான் இருக்குது. போயி எடுத்துக்கோ. பாத்துத் தூக்கு, ஒங்க ஆச்சி அதுல பாசிப்பயறு வெதை போட்டு, மேல சாம்பலைத் தூவி, துணியால வாயைக் கட்டி வச்சிருக்கா.